இது எந்தப் பயறு? டிஎன்ஏ பார்கோடு வழியாக இனம் காணும் முறை

சென்னையில் கொத்தவால் சாவடிப் பக்கத்துப் பருப்பு மண்டிகளில், ஒரு பிடி துவரம் பருப்பை உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தே தரத்தைச் சொல்லிவிடும் வியாபாரிகள் உண்டு. முழு விதையாக இருக்கும் வரை பழகிய கண் போதும். துவரை உருண்டை, கேசரிப் பருப்பின் விதை ஆப்பு போல ஒரு பக்கம் சரிந்து, கோணலாக இருக்கும். உடைத்துத் தோல் நீக்கி மெருகேற்றிய பிறகு இரண்டும் நெருங்கி வந்துவிடுகின்றன. மாவாக அரைத்துவிட்டால் கண்ணுக்கும் நாக்குக்கும் அங்கே வேலையே இல்லை. பூவும் காயும் இல்லாத இளஞ்செடியிலும், நறுக்கிக் கட்டி வந்த பசுந்தீவனத்திலும் இதே சிக்கல்தான்.

டிஎன்ஏ அப்படியல்ல. இலை, வேர், விதை, மாவு என்று செடியின் எந்தத் துண்டை எடுத்தாலும் அதன் செல்களில் இருப்பது ஒரே எழுத்து வரிசை. அந்த வரிசையில் ஒரு சிறு பகுதியை மட்டும் படித்து, ஏற்கனவே பெயர் தெரிந்த செடிகளின் வரிசையோடு ஒப்பிட்டு இனத்தைக் கண்டுபிடிப்பதைத்தான் டிஎன்ஏ பார்கோடு முறை என்கிறோம்.

பயறு வகைக் குடும்பத்தில் ஏறத்தாழ 19,500 இனங்கள் இருக்கின்றன. உளுந்தும் கொள்ளும் அகத்தியும் இந்தக் குடும்பம்தான். குன்றிமணியும் இதே குடும்பம்தான். பெயர் தவறினால் சாப்பிடுகிறவருக்கோ மாட்டுக்கோ கேடு வரும் என்பதால், மற்றக் குடும்பங்களைவிட இதில் இனம் காண்பது அவசரமான வேலை. கேசரிப் பருப்பில் ஓடிஏபி என்ற நரம்பு நஞ்சு இருக்கிறது. பல மாதங்கள் அதையே முக்கிய உணவாகச் சாப்பிட்டவர்களுக்குக் கால்கள் முடங்கிப்போகும் நோய் வந்ததால்தான் 1961-இல் இந்தியாவின் பெரும்பாலான மாநிலங்களில் அதன் விற்பனை தடை செய்யப்பட்டது. தீவனத்தில் சவுண்டல் என்கிற சூபாபுல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள மைமோசின், அளவு மீறினால் மாட்டுக்கு முடி உதிர்வையும் தைராய்டுக் கோளாறையும் தரும். வேலிமசாலில் அந்தத் தொல்லை இல்லை. நாற்றுப் பருவத்தில் இரண்டுக்கும் ஒரே மாதிரி இறகு போன்ற இலைதான். மேய்ச்சல் நிலத்துக் கிலுகிலுப்பைச் செடிகள் சிலவற்றில் ஈரலைக் கெடுக்கும் ஆல்கலாய்டுகள் உண்டு.

வழக்குப் பெயரை மட்டும் நம்பி இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு நரிப்பயறு நல்ல எடுத்துக்காட்டு. சென்னையைச் சுற்றியுள்ள மணற்பாங்கான திறந்த வெளிகளில் மழைக்குப் பின் தரையோடு படர்கிற விக்னா ட்ரைலோபேட்டாவுக்கு இந்தப் பெயர் வழங்குகிறது. வடஇந்தியாவில் மோத் என்று பயிராகிற விக்னா அகோனிட்டிஃபோலியாவுக்கும் தமிழில் இதே பெயரை எழுதுகிறார்கள். இரண்டிலும் மூன்று சிற்றிலை. ஓரம் மடல் மடலாகப் பிளந்திருக்கும். போதாததற்கு விக்னா ஸ்டிபுலேசியா என்ற மூன்றாவது இனமும் விதைச் சேகரிப்புகளில் ட்ரைலோபேட்டா என்ற பெயரிலேயே வைக்கப்பட்டிருந்தது. நேர்மாறான குழப்பமும் உண்டு. காராமணி, தட்டைப்பயறு, நீளமாகத் தொங்கும் பயத்தங்காய், மாட்டுக்கு விதைக்கும் தீவனத் தட்டைப்பயறு ஆகிய நான்கும் விக்னா அங்குயிகுலேட்டா என்ற ஒரே இனம். இந்த நான்கையும் பார்கோடு பிரித்துக் காட்டாது. பரிசோதனைக்குப் பணம் கட்டுவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

எந்தப் பகுதியைப் படிப்பது?

படிக்கத் தேர்ந்தெடுக்கும் பகுதி ஓர் இனத்துக்குள் மாறாமலும், இனத்துக்கு இனம் மாறியும் இருக்க வேண்டும். அதன் இரு புறமும் எல்லாச் செடிகளிலும் பொதுவான எழுத்துகள் அமைந்திருக்க வேண்டும். அப்போதுதான் நகலெடுப்பைத் தொடங்கி வைக்கும் பிரைமர் என்ற சிறு டிஎன்ஏ துண்டு ஒட்டும். 2003-இல் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹெபர்ட் குழு, விலங்குகளுக்கு மைட்டோகாண்ட்ரியாவின் சிஓ-1 மரபணு போதும் என்று முன்வைத்தது. செடிகளில் அந்த மரபணு மிக மெதுவாக மாறுவதால் உதவவில்லை. 2009-இல் பன்னாட்டுத் தாவரப் பார்கோடு குழு, பசுங்கணிகத்திலுள்ள ஆர்பிசிஎல், மேட்-கே என்ற இரண்டு பகுதிகளைச் சேர்த்துப் படிக்கப் பரிந்துரைத்தது. அந்த ஆய்விலேயே இந்த இணை 72 சதவீத இனங்களைத்தான் தனித்துப் பிரித்தது. மீதியுள்ளவை நெருங்கிய உறவினங்களின் கூட்டமாகவே நின்றன.

ஆர்பிசிஎல்லில் நாம் படிப்பது சுமார் 550 எழுத்துகள். எந்தச் செடியிலும் எளிதாக நகலாகும், ஆனால் மெதுவாக மாறும். பேரினம் வரை கொண்டுபோய் விட்டுவிடும்; உளுந்தா பாசிப்பயறா என்று கேட்டால் தடுமாறும். மேட்-கே சுமார் 800 எழுத்துகள், வேகமாக மாறும். மற்றக் குடும்பங்களில் பிரைமர் ஒட்டாமல் படுத்துகிற பகுதி இது. பயறுக் குடும்பத்தில் இதை வைத்து நிறைய உறவுமுறை ஆய்வுகள் நடந்திருப்பதால் ஒப்பிட வரிசைகள் தாராளமாகக் கிடைக்கும். உட்கருவிலுள்ள ஐடிஎஸ், அதன் ஒரு துண்டான ஐடிஎஸ்-2 ஆகியவை நெருங்கிய இனங்களைப் பிரிப்பதில் கெட்டிக்காரர்கள். ஐடிஎஸ்-2 இருநூறு எழுத்துச் சொச்சம்தான் என்பதால் சிதைந்த டிஎன்ஏவிலும் கிடைக்கும். விக்னா போன்ற பேரினத்தில் வேலை செய்கிறவர்கள் மேட்-கேயோடு ஐடிஎஸ்ஸையும் சேர்த்துப் படிப்பதே எங்கள் பரிந்துரை. ஆர்பிசிஎல்லை மட்டும் படித்துவிட்டு இனப் பெயர் எழுதும் அறிக்கையை நம்ப வேண்டாம்.

மாதிரி எடுப்பதில்தான் பாதி வேலை

செடியாக இருந்தால் இளம் இலை எடுங்கள். முற்றிய இலையில் பாலிஃபீனாலும் சர்க்கரைப் பசையும் அதிகம். பூச்சி அரித்த இலையையும் சாம்பல் நோய் படிந்த இலையையும் தொடாதீர்கள். இலையின் எடையைப் போலப் பத்து மடங்கு சிலிக்கா ஜெல் போட்ட ஜிப் பையில், காகித உறைக்குள் வைத்து மூடுங்கள். சென்னைக் காற்றின் ஈரத்தில் இந்தப் படியை அசட்டை செய்தால் இலை இரண்டே நாளில் பழுப்பாகிப் பூஞ்சை பிடிக்கும். நீல நிறச் சிலிக்கா மணிகள் இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டன என்று பொருள், உடனே மாற்றுங்கள். 110 டிகிரி அடுப்பில் சில மணி நேரம் வைத்தால் மணிகள் மறுபடி நீலமாகிவிடும், திரும்பப் பயன்படுத்தலாம். வடகிழக்குப் பருவமழை தணிந்து மார்கழி, தையில் போனால் தரைப்படரிப் பயறுகள் பூவும் காயுமாகக் கிடைக்கும்.

பூவும் காயும் ஏன் வேண்டும்? அதே செடியிலிருந்து ஒரு கிளையை அழுத்தி உலர்த்தி, தாளில் ஒட்டி, எண் போட்டு வைக்க வேண்டும். இதற்குச் சான்று மாதிரி என்று பெயர். டிஎன்ஏ முடிவில் சந்தேகம் வந்தால் திரும்பிப் பார்க்க அது ஒன்றுதான் இருக்கும். விக்னா இனங்களைப் பிரித்தறிய இலையடிச் செதிலின் வடிவம், பூவின் படகிதழ், விதையின் தழும்பு ஆகியவை வேண்டும். கைப்பேசிப் படத்தில் இவை விழுவதில்லை. ஓர் இனத்துக்கு வெவ்வேறு இடங்களிலிருந்து மூன்று முதல் ஐந்து செடிகளாவது எடுங்கள். ஒரே செடியின் ஐந்து இலைகள் ஐந்து மாதிரி ஆகாது.

கடைப் பருப்பு என்றால் வேறு கவனம் தேவை. செம்மண் கட்டிய துவரம் பருப்பில் ஒட்டியிருக்கும் களிமண் டிஎன்ஏவைப் பிடித்துக்கொள்ளும், டிஎன்ஏவை நகலெடுக்கும் பிசிஆர் வேலையையும் தடுக்கும். ஆலையில் தோல் நீங்க எண்ணெய் தடவி உடைப்பதும் உண்டு. ஆகவே முதலில் நீரிலும், பிறகு 70 சதவீத எத்தனாலிலும் கழுவி உலர்த்திவிட்டு அரையுங்கள். கலப்படம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி என்றால் பருப்பைக் கூட்டமாக அரைக்காமல் ஒவ்வொன்றாகத் தனிக் குழாயில் போடுங்கள். நூற்றுக்கு ஐந்து கலந்திருக்கிற மூட்டையிலிருந்து பார்க்காமல் 60 பருப்பு எடுத்தால், ஒன்றாவது அகப்பட 95 சதவீத வாய்ப்பு உண்டு. பத்துப் பருப்பு எடுத்தால் அந்த வாய்ப்பு 40 சதவீதம்தான். கலப்படம் இல்லை என்று வரும் அறிக்கையில் எத்தனை பருப்பு சோதிக்கப்பட்டது என்பதை முதலில் பாருங்கள்.

இலையிலிருந்து டிஎன்ஏ

செடிகளுக்குப் பெரும்பாலும் கையாளப்படுவது சிடிஏபி முறை. டாயில், டாயில் என்ற இருவர் 1987-இல் எழுதிய வடிவமே இன்றும் அடிப்படை. கரைசலில் 2 சதவீத சிடிஏபி, 1.4 மோலார் உப்பு, 20 மில்லிமோலார் இடிடிஏ, 100 மில்லிமோலார் டிரிஸ், பிஎச் 8 இருக்கும். பயன்படுத்துவதற்குச் சற்று முன் 0.2 சதவீத மெர்காப்டோஎத்தனாலும், 1 முதல் 2 சதவீத பிவிபியும் சேர்ப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. சிடிஏபி செல் சவ்வை உடைக்கும். உப்பு அதிகமாக இருந்தால்தான் சர்க்கரைப் பசை டிஎன்ஏவோடு ஒட்டாமல் பிரியும். இடிடிஏ, டிஎன்ஏவை வெட்டும் நொதிகளுக்குத் தேவையான மக்னீசியத்தைப் பறித்துக்கொள்ளும். பிவிபி பாலிஃபீனாலைப் பிடிக்கும். மெர்காப்டோஎத்தனால் அது ஆக்சிஜனேறிப் பழுப்பாகாமல் காக்கும்.

பச்சை இலை 100 மி.கி. அல்லது உலர்ந்த இலை 20 மி.கி. போதும். கூடுதலாகப் போட்டால் கூடுதல் டிஎன்ஏ வரும் என்பது புதியவர்கள் எல்லோரும் செய்கிற தவறு. கூடுதலாக வருவது பசைதான். திரவ நைட்ரஜனில் மாவு போல நுணுக்கி, 65 டிகிரிக்குச் சுட வைத்த கரைசலில் போட்டு ஒரு மணி நேரம் அதே சூட்டில் வைத்து, இடையிடையே குழாயைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்குங்கள். பிறகு குளோரோஃபார்மும் ஐசோஅமைல் ஆல்கஹாலும் 24-க்கு 1 என்ற விகிதத்தில் கலந்ததைச் சம அளவு ஊற்றி, 12,000 சுழற்சியில் பத்து நிமிடம் சுழற்றினால் மூன்று அடுக்காகப் பிரியும். மேலடுக்கை மட்டும் பைப்பெட்டில் எடுக்க வேண்டும். நடுவிலுள்ள வெள்ளை ஏட்டைத் தொட்டால் புரதம் கூடவே வந்துவிடும், ஆகவே மேலடுக்கில் கொஞ்சம் விட்டுவிடுவதே மேல். இந்தச் சுழற்சியை அறை வெப்பத்தில் செய்யுங்கள். குளிர்ந்தால் சிடிஏபியே படிந்து விழும். அடுத்து மூன்றில் இரண்டு பங்கு குளிர்ந்த ஐசோபுரொப்பனால் சேர்த்தால் டிஎன்ஏ நூலாகத் திரளும். அதைச் சுழற்றி அடியில் படியவைத்து, 70 சதவீத எத்தனாலில் கழுவி, உலர்த்தி, 50 முதல் 100 மைக்ரோலிட்டர் நீரில் கரைக்க வேண்டும்.

அடியில் படிந்தது வெண்மையாக, சிறியதாக இருந்தால் நல்லது. கண்ணாடி போல வழவழப்பாகப் பெரிதாக இருந்தால் அது சர்க்கரைப் பசை. பயறு விதைகளிலும் சங்குப்பூ போன்ற இலைகளிலும் அடிக்கடி வரும். உப்பை 2 மோலாருக்கு ஏற்றி மறுபடி செய்தால் குறையும். பழுப்பாக இருந்தால் பாலிஃபீனால் முந்திக்கொண்டது. சவுண்டல், கிளைரிசிடியா இலைகளில் இதை எதிர்பார்க்கலாம். இளந்தளிருக்கு மாறி, பிவிபியைக் கூட்டுங்கள். டிஎன்ஏவின் தூய்மையை அளக்கும் ஒளியளவிக் கருவியில், புரதக் கலப்பைக் காட்டும் 260/280 விகிதம் 1.8 அருகிலும், பசை போன்ற மற்றக் கலப்பைக் காட்டும் 260/230 விகிதம் 2 அருகிலும் இருக்க வேண்டும். இரண்டாவது எண் 1-க்குக் கீழே போனால், முதல் எண் எவ்வளவு அழகாக இருந்தாலும் பிசிஆர் தகராறு செய்யும்.

நகலெடுத்துப் படித்தல்

பிசிஆர் என்பது தேர்ந்தெடுத்த பகுதியை மட்டும் திரும்பத் திரும்ப இரட்டிப்பது. 35 சுற்று ஓடினால் ஏட்டளவில் ஒரு மூலக்கூறு சுமார் 3,436 கோடி ஆகும். 25 மைக்ரோலிட்டர் கலவைக்கு 20 முதல் 50 நானோகிராம் டிஎன்ஏ, பிரைமர் இரண்டும் தலா 0.2 மைக்ரோமோலார், மக்னீசியம் சுமார் 2 மில்லிமோலார், நகலெடுக்கும் டேக் நொதி ஒரு யூனிட். முதலில் 94 டிகிரியில் நான்கு நிமிடம். பிறகு 94-இல் 30 நொடி, 55-இல் 30 நொடி, 72-இல் ஒரு நிமிடம் என்று 35 சுற்று. கடைசியில் 72-இல் பத்து நிமிடம். பிரைமர் ஒட்டுவதற்கான 55 டிகிரி என்பது தொடங்கும் இடம்தான். மேட்-கே வரவில்லை என்றால் 48 வரை படிப்படியாக இறக்கிப் பாருங்கள்.

ஒவ்வொரு முறையும் டிஎன்ஏ போடாத ஒரு குழாயையும் கூடவே ஓட்டுங்கள். நகல்களை நீளவாரியாகப் பிரித்துப் பட்டைகளாகக் காட்டும் ஜெல்லில் அதிலும் பட்டை தெரிந்தால் நேற்றைய நகல் இன்றைய கலவையில் புகுந்துவிட்டது. அந்த முழுத் தொகுதியையும் கொட்டிவிட வேண்டும். எந்தக் குழாயிலுமே பட்டை வரவில்லை என்றால் டிஎன்ஏவைக் கூட்டாதீர்கள், பத்து மடங்கு நீர்த்துப் பாருங்கள். தடுக்கும் பொருளும் சேர்ந்து நீர்த்துப்போவதால் பெரும்பாலும் அதிலேயே வந்துவிடும். பிஎஸ்ஏ புரதம் சிறிது சேர்ப்பதும் உதவும்.

ஐடிஎஸ்ஸுக்கென்று ஒரு தனி எச்சரிக்கை. அதன் பொதுப் பிரைமர்கள் பூஞ்சைக்கும் ஒட்டும். ஈரம் பட்ட காயிலிருந்து எடுத்த டிஎன்ஏவில் அழகான ஒற்றைப் பட்டை வந்து, படித்துப் பார்த்தால் ஆஸ்பெர்ஜில்லஸ் என்று விடை வரும். செடிக்கென்றே வடிவமைத்த பிரைமரைக் கேட்டு வாங்குங்கள்.

1.2 சதவீத அகரோஸ் ஜெல்லில் எதிர்பார்த்த நீளத்தில் ஒரே பட்டை நின்றால், சுத்திகரித்து, ஒரு நேரத்தில் ஒரே வரிசையைப் படிக்கும் சாங்கர் முறையில் படிக்க அனுப்பலாம். முன்பக்கமும் பின்பக்கமும் இரண்டு முறை படிக்கச் சொல்லுங்கள். திரும்பி வருவது நான்கு நிறத்தில் மலைமுகடுகள் போன்ற வரைபடம். ஒவ்வொரு முகடும் ஓர் எழுத்து. முதல் 30 முதல் 50 எழுத்துகள் எப்போதும் கலங்கித்தான் இருக்கும், வெட்டி விடுங்கள். தர எண் 20 என்றால் நூற்றில் ஒன்று தவறாக இருக்கலாம். 30 என்றால் ஆயிரத்தில் ஒன்று. ஒரே இடத்தில் இரண்டு முகடு ஏறி நின்றால் கணினி ஊகித்துத் தருகிற எழுத்தை அப்படியே ஏற்காதீர்கள். வரைபடத்தைத் திறந்து கண்ணால் பாருங்கள்.

ஒப்பிட்டுப் பெயர் வைத்தல்

கிடைத்த வரிசையை, ஜென்பேங்க் என்ற பொது டிஎன்ஏ தரவுத்தளத்தில், ஒத்த வரிசைகளைத் தேடும் பிளாஸ்ட் கருவியில் போட்டால் சில நொடிகளில் பட்டியல் வந்துவிடும். புதியவர்கள் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான். முதல் வரியில் இருக்கும் பெயரை எழுதிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். கீழே பத்து வரி பாருங்கள். அதே மதிப்பெண்ணோடு இரண்டு மூன்று இனங்கள் நின்றால், உங்கள் பகுதியால் அவற்றைப் பிரிக்க முடியவில்லை என்பதே விடை. 99 சதவீத ஒற்றுமை என்பது பெரிய எண்ணாகத் தோன்றும். 550 எழுத்தில் 99 சதவீதம் என்றால் ஐந்து எழுத்துக்கு மேல் வேறுபாடு. ஆர்பிசிஎல்லில் அது வேறு பேரினமாகவே இருக்கலாம். எத்தனை சதவீத நீளம் பொருந்தியது என்ற எண்ணையும் சேர்த்தே படியுங்கள்.

ஜென்பேங்கில் யார் வேண்டுமானாலும் வரிசை சேர்க்கலாம். சேர்த்தவர் செடியைத் தவறாக இனம் கண்டிருந்தால் அந்தத் தவறும் அங்கேயே இருக்கும். மேலே சொன்ன நரிப்பயறு குழப்பம் அப்படியே வரிசைகளின் பெயரிலும் ஏறியிருக்க வாய்ப்பு உண்டு. அதனால் சான்று மாதிரி எண் குறிப்பிட்ட வரிசைகளுக்கே எடை கொடுங்கள். குவெல்ஃபிலிருந்து நடக்கும் போல்ட் தரவுத்தளம் பார்கோடுக்கென்றே அமைந்தது. சான்று மாதிரி விவரமும் மூல வரைபடமும் அங்கே கேட்கப்படும்.

மாவும் கலவையும்

கடலை மாவைச் சாங்கர் முறையில் படிக்கக் கொடுத்தால், கலப்படம் இருக்கும்போது முகடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் படிக்கவே முடியாது. சிறு அளவில் கலந்திருந்தால் அது தெரியாமலே மறைந்தும் போகும். இங்கே இரண்டு வழி. என்ன கலந்திருக்கும் என்ற சந்தேகம் முன்பே இருந்தால், கேசரிக்கு மட்டும் அல்லது பட்டாணிக்கு மட்டும் ஒட்டும் பிரைமரை வைத்து பிசிஆர் ஓட்டலாம். எதுவும் தெரியாது, நறுக்கிய தீவனக் கட்டில் என்னென்ன இருக்கிறது என்று அறிய வேண்டும் என்றால், லட்சக்கணக்கான துண்டுகளைத் தனித்தனியே படிக்கும் புதிய தலைமுறைக் கருவியில் மெட்டாபார்கோடு முறை. வறுத்த, வேகவைத்த பொருளில் டிஎன்ஏ 100, 200 எழுத்துத் துண்டுகளாக நொறுங்கியிருக்கும். 800 எழுத்து மேட்-கே அங்கே வராது, ஐடிஎஸ்-2 போன்ற குட்டைப் பகுதிக்கே போக வேண்டும்.

இந்த முறைகள் கூர்மையானவை என்பதாலேயே ஒரு சிக்கல் வருகிறது. தெரு முனை மாவு மில்லில் உங்களுக்கு முன்னால் பட்டாணி அரைத்தவர் விட்டுப்போன தூசியும் பிசிஆரில் தெரியும். இருக்கிறது என்ற விடையும் கலப்படம் செய்தார்கள் என்ற குற்றச்சாட்டும் ஒன்றல்ல. அளவு வேண்டும் என்றால் விகிதம் தெரிந்த கலவைகளை நாமே தயாரித்து, அதே மாவில், அதே நாளில் ஓட்டி ஒப்பிட வேண்டும். மெட்டாபார்கோடு தரும் துண்டுகளின் எண்ணிக்கையை எடையாக வாசிப்பது தவறு.

ரகம் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: வம்பன் உளுந்து ரகங்களில் எது எட்டு, எது பத்து என்பதைப் பார்கோடு சொல்லாது. அதற்கு ரகத்துக்கு ரகம் மாறும் எஸ்எஸ்ஆர், எஸ்என்பி என்ற டிஎன்ஏ குறியீடுகள் வேண்டும். அது வேறு பரிசோதனை. கலப்பினச் செடியிலும் கவனம் தேவை. பசுங்கணிக டிஎன்ஏ பெரும்பாலான செடிகளில் தாய் வழியே வருவதால் மேட்-கே தாயின் பெயரை மட்டுமே சொல்லும்; தந்தையைத் தெரிந்துகொள்ள ஐடிஎஸ் வேண்டும். குதிரைமசால் இதற்கு விலக்கு, அதில் பசுங்கணிகம் தந்தை வழியாகவும் வரும்.

சென்னையில் இதைக் கற்றுக்கொண்டு செய்ய விரும்புகிறவர்கள் கிண்டியிலுள்ள சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறையையும், தரமணியிலுள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தையும் அணுகிக் கேட்கலாம். தீவனப் பயிரில் சந்தேகம் என்றால் கால்நடைப் பல்கலைக்கழகம். உலர் மாதிரிகளை ஒப்பிட மெட்ராஸ் ஹெர்பேரியத்தைத் தேடி இங்கே அலைய வேண்டாம். பெயர்தான் மெட்ராஸ், இருப்பது கோயம்புத்தூரில். மாதிரியை எங்கே கொடுத்தாலும், இலை எடுத்த நாள், இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை, ஊரார் சொன்ன பெயர், சான்று மாதிரி எண் ஆகிய நான்கையும் உறையின்மேல் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை எத்தனால் பட்டால் கரைந்துவிடும்.